ஒரு மாலைப் பொழுதின் வேஷத்துக்கு எவ்வளவு செலவிடலாம்?

செப்டம்பர் மாதம் பாதி கழிவதற்குள்ளாகவே, அமெரிக்க நகரங்களின் கடைவீதிகளில் நெடுநாள் பூட்டிக் கிடந்த கட்டடங்கள் சில திடீரென்று விளக்கேற்றப்பெற்று, சூனியக்காரியின் கூர்முனைத் தொப்பியும் எலும்புக்கூடு வரைந்த கறுப்பு அங்கியும் ஸ்பைடர்மேனின் சிவப்புச் சட்டையும் வரிசை வரிசையாகத் தொங்குகின்ற ஹாலோவீன் கடைகளாக உருமாறி, அக்டோபர் 31-ஆம் தேதி கழிந்த சில தினங்களில் வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடுகின்றன. அவை திறந்திருக்கும் வாரங்களில், குழந்தைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விசாரம் எழுகிறது: ஒரே ஒரு மாலைப் பொழுதில் இரண்டு மணி நேரம் அணிந்துகொண்டு, வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கி வருவதற்கென்று வேண்டிய வேஷத்துக்குப் பெற்றோர் எவ்வளவு பணம் செலவழிப்பது நியாயம்? நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் வளர்த்து வருகின்ற தாய் என்ற முறையில் இதற்கு நான் அனுபவத்தில் கண்ட விடையை, புதிதாக இந்நாட்டுக்குக் குடிவருகின்ற தமிழ்க் குடும்பங்களுக்குச் சிறிதேனும் உதவக்கூடும் என்ற எண்ணத்தால் இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 1-ஆம் தேதி கிறிஸ்தவர்கள் அனுசரிக்கும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின இரவே ஹாலோவீன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகின்ற வேளையில் ஆவிகள் நடமாடும் என்று அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நிலவிய பழைய நம்பிக்கை அதனோடு கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்தவர்களோடு அமெரிக்காவில் குடியேறிற்று. ஆதியில் வேஷம் என்பது வீட்டிலுள்ள பழைய துணியைக் கொண்டு செய்துகொள்வதாகவே இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காகிதப் பொருள்கள் செய்து வந்த டென்னிசன் கம்பெனியார், க்ரேப் காகிதத்தைக் கொண்டு வேஷ உடை தயாரிக்கும் முறையைப் படங்களோடு விளக்கும் சிறு புத்தகங்களை 1909-இல் வெளியிடத் தொடங்கியபோதும், காகிதம்தான் கடைச் சரக்காயிற்றே தவிர, வேஷம் வீட்டுக் கைவேலையாகவே நீடித்தது. 1937-இல் புரூக்ளினில் தொடங்கப்பெற்ற பென் கூப்பர் கம்பெனியும் அதைப் போன்ற பிறவும், முகமூடி ஒன்றையும் கதாபாத்திரத்தின் படம் அச்சடித்த மெல்லிய அங்கி ஒன்றையும் அட்டைப் பெட்டியில் அடக்கிச் சல்லிசான விலைக்கு விற்றதும், இரண்டாம் உலக யுத்த காலத்துச் சர்க்கரைப் பங்கீடு 1947-இல் நீங்கிக் குழந்தைகள் மிட்டாய்க்காகத் தெருவில் இறங்கும் வழக்கம் தேசமெங்கும் பரவியதும் சேர்ந்து, இதை ஒரு மாபெரும் வியாபாரமாக்கிவிட்டன. தேசிய சில்லறை வியாபாரச் சம்மேளனம் 2023-ஆம் ஆண்டு மக்களிடம் விசாரித்துக் கணித்தபடி, அந்த ஆண்டின் ஹாலோவீனுக்காக அமெரிக்கர்கள் செலவிட எண்ணியிருந்த தொகை 1,220 கோடி டாலர். அதில் குழந்தைகளின் வேஷ உடைக்கு மட்டும் 140 கோடி டாலர். இவ்வளவு பெரிய வியாபாரத்தின் எதிரே, நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்ற ஒரு தாய் நிதானமாக யோசித்து முடிவு செய்வது அசாத்தியம். ஆகவே கடைக்குள் காலெடுத்து வைக்குமுன்பே தொகையை நிர்ணயித்துவிட வேண்டும் என்பதை முதலாவதாகச் சொல்கிறேன்.

தொகையை எப்படி நிர்ணயிப்பது? முழு உடையாகக் கடையில் விற்பவை பெரும்பாலும் 30 டாலரிலிருந்து 50 டாலர் வரை ஆகும். உயர்ந்த ரகம் அதற்கும் மேலே போகும். அவற்றின் துணியைத் தொட்டுப் பார்த்தால், விலையில் பெரும்பங்கு துணிக்கன்று, அதன்மேல் அச்சாகியுள்ள சினிமாப் பாத்திரத்தின் பெயருக்கே என்பது விளங்கிவிடும். தவிர, இந்த வட்டாரத்தில் அக்டோபர் கடைசியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்து, குளிர்காற்று முகத்தில் அறையத் தொடங்கிவிடும். காகிதம் போன்ற அந்த உடையோடு குழந்தை நடுங்குவதைக் கண்டு எந்தத் தாயும் அதன்மேல் குளிர்ச்சட்டையை மாட்டித்தான் அழைத்துச் செல்வாள். அப்போது ஐம்பது டாலர் கொடுத்து வாங்கிய வேஷம் முழுவதும் குளிர்ச்சட்டைக்குள் அடங்கிப்போக, தெருவார் காண்பது தொப்பி ஒன்றைத்தான். இதை வீதிதோறும் கண்ட பிறகே, ஒரு வேஷத்தை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் ஏற்பட்டது. நவம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகும் குழந்தை உடுத்தக்கூடியது எதுவோ, அது முதற்கூறு. அதற்குத் தாராளமாகச் செலவிடுகிறோம், அந்தச் செலவைக் குளிர்கால உடைக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அந்த இரவோடு பிரயோஜனம் தீர்ந்துபோவது எதுவோ, அது இரண்டாங்கூறு. அதற்கு ஒரு குழந்தைக்கு 25 டாலர் என்பது எங்கள் வரம்பு. அதற்குமேல் தேவைப்படுவதை எங்கள் கையும் குழந்தையின் கையுமாகச் சேர்ந்து செய்துகொள்ள வேண்டும்.

என் மகன் இரண்டாம் வகுப்பில் படிக்கையில் ஆந்தையாக வேண்டும் என்றான். அவனுக்கு எப்படியும் அந்தக் குளிர்காலத்துக்கு ஒரு ஹூடி வாங்க வேண்டியிருந்தமையால், பழுப்பு நிறத்தில் ஒன்றை, உள்ளே கனத்த பனியன் ஒன்று போட்டு அளவு பார்த்து, சற்றுத் தொளதொளப்பாகவே வாங்கினோம். கைவினைப் பொருள் கடையில் தாள் தாளாகக் கிடைக்கும் ஃபெல்ட் துணி இதற்கு மிகவும் உகந்தது. வெட்டின ஓரம் நூல் பிரியாதாகையால் மடித்துத் தைக்கும் சிரமம் இல்லை. பழுப்பிலும் சாம்பலிலும் வெள்ளையிலும் அதை வாங்கி, பழைய அட்டைப் பெட்டியிலிருந்து இறகின் வடிவத்தில் ஒரு மாதிரியை வெட்டிக் கொடுத்ததும், அதை வைத்து வரைவதும் வெட்டுவதும் முழுக்க அவன் வேலையாயின; இரவு உணவுக்குப் பிறகு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்தபடி, தொலைக்காட்சியையும் மறந்து அவன் வெட்டிக்கொண்டிருந்தான். இறகுகளைக் கீழ் வரிசையில் தொடங்கி மேல்நோக்கி, கூரைக்கு ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி வைத்துத் தைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வரிசையின் தையலும் வெளியே தெரிந்துவிடும். பசை தடவி ஒட்டாமல், நீள நீளமான ஓட்டுத் தையலாகவே போட்டேன். தலையை மூடும் பகுதியின்மேல் மஞ்சள் வட்டம் இரண்டும், அவற்றின் நடுவே பழைய கோட்டிலிருந்து எடுத்த கறுப்புப் பொத்தான் இரண்டும் வைத்ததும், கண்கள் பிறந்துவிட்டன. நூலும் துணியும் பத்துப் பன்னிரண்டு டாலருக்குள் முடிந்தன. நவம்பர் முதல் வாரத்தில் தையலைப் பிரித்தோம். அந்த ஹூடி மார்ச் மாதம் வரை அவனோடு பள்ளிக்கூடம் போய் வந்தது.

இதைப் படித்துவிட்டு, கையால் செய்வது எப்போதும் மலிவு என்று யாரும் கருதிவிடலாகாது. வெள்ளி வர்ணம், பசைத் துப்பாக்கி, மினுமினுக்கும் துணி, பின்னல் கரை என்று ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டுக்கொண்டே போனால், கடையில் தயாராக விற்கும் உடையின் விலையைத் தாண்டிவிடுவது மிகச் சுலபம். அதனினும் முக்கியமானது பொழுது. இரவு ஷிப்ட் முடித்து வருகின்ற தாய், விடிய விடியக் கண் விழித்து ஊசி கோத்தால்தான் நல்ல தாய் என்று பேசுவது கொடுமை. தாய்மாரின் உழைப்பை இனாமாகக் கணக்கிடும் வழக்கத்தை ஹாலோவீனுக்கும் நீட்டிக்க வேண்டியதில்லை. பொழுதில்லாதவர் 20 டாலர் கொடுத்துத் தயார் உடையை வாங்கிக்கொண்டு, அதில் ஏதேனும் ஒரு சிறு பகுதியை, ஒரு கிரீடத்தையோ ஒரு மந்திரக்கோலையோ மாத்திரம் குழந்தையோடு உட்கார்ந்து செய்தாலும் போதும்.

குழந்தையின் வயதுக்கேற்ப யோசிப்பதும் அவசியம். கைக்குழந்தைக்குப் பூசணிக்காய் உடை மாட்டுவது நம்முடைய ஆசைக்காகத்தான்; குழந்தைக்கு அதில் யாதொரு அபேட்சையும் இல்லை. புகைப்படம் ஒன்று வேண்டுமானால் ஆரஞ்சு நிறச் சட்டையும் பச்சைக் குல்லாவும் போதுமானவை. மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளின் விஷயமோ முற்றிலும் வேறு. 2013-இல் ‘ஃப்ரோசன்’ திரைப்படம் வெளிவந்த பிறகு எல்சா ராணியின் நீல உடைமேல் சிறு பெண்களுக்கு உண்டான மோகத்தை அந்நாளைய பெற்றோர் யாவரும் அறிவர். என் மகளும் அதைக் கேட்டாள்; நான் வாங்கியே கொடுத்தேன், அந்தப் பணத்தை விரயமென்று இன்றளவும் நினைக்கவில்லை. ஏனெனில் அந்த வயதில் உடை ஒரு மாலையோடு தீர்வதில்லை: அவள் அதை அணிந்துகொண்டே சாப்பிட்டாள், அணிந்துகொண்டே உறங்கினாள், அக்குளில் இரண்டு தரம் கிழிந்து நான் தைத்துக் கொடுத்தும் விடாமல், வசந்த காலம் வரும்வரை வீட்டுக்குள் ராஜ்யபாரம் செய்தாள். நாள்தோறும் விளையாடப்போகும் குழந்தைக்கு வாங்குவது வேஷமாகுமா? அது விளையாட்டுச் சாமான். அந்தக் கணக்கில் அதற்கு 40 டாலர் கொடுப்பதும் தகும்.

ஏழு வயதுக்கு மேல் இந்த நிலை மாறுகிறது. குழந்தைக்கு ஆண்டுதோறும் புதிய கற்பனை பிறக்கிறது; சென்ற ஆண்டின் உடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை; கை வேலைக்கும் பழகிவிடுகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் மாறுவேடப் போட்டியில் தகப்பனாரின் கறுப்புக் கோட்டும் வெள்ளைத் துண்டின் முண்டாசும் கண்மையால் தீட்டிய மீசையுமாக மேடையேறிய பாரதியார்களுக்கு என்ன செலவாயிற்று? அந்தச் சாமர்த்தியம் கைவரும் வயது இதுவே. பன்னிரண்டு வயதுக்குப் பிறகோ, பணத்தையே குழந்தையின் கையில் கொடுத்துவிடுவது சிறந்தது. அக்டோபர் பிறந்ததும் என் மகளிடம் 25 டாலரைக் கொடுத்து, மிஞ்சுவது அவளுக்கே சொந்தம் என்று சொல்லிவிடுவேன். முந்தின நாள்வரை 60 டாலர் உடையைக் காட்டி வாதாடியவள், பழைய சாமான் கடைக்குப் போய், பெரியவர் ஒருவர் அணிந்து கழித்த நீண்ட கறுப்பு வெல்வெட் பாவாடை ஒன்றை 6 டாலருக்குப் பிடித்து வந்தாள். அதன் இடுப்புப் பட்டையில் நாடா கோத்துக் கழுத்தில் கட்டியதும், அது தரை வரை புரளும் மேலங்கியாயிற்று. கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி அதை வெட்டி மடித்தது மட்டுமே என் பங்கு. முகத்துக்குச் சாயம் வாங்கினால், இரண்டு நாள் முன்னதாகக் கையில் சிறிது தடவிப் பார்த்துவிடுவது நல்லது. நிறம் மாற்றும் காண்டாக்ட் லென்ஸ் வேண்டும் என்று இந்த வயதினர் கேட்பது உண்டு. மருத்துவர் சீட்டின்றி அதை விற்பது இந்நாட்டில் சட்டவிரோதம் என்பதையும், கண் பார்வையைப் பறிக்கக்கூடியது என்பதையும் சொல்லி, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை நிகழ்ந்த விபத்துகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பாதசாரிகள் வாகனம் மோதி உயிரிழக்கும் அபாயம், முன்பின் வாரங்களின் அதே கிழமை மாலைகளைக் காட்டிலும் ஹாலோவீன் மாலையில் 43 சதவிகிதம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒளியைத் திருப்பிக் காட்டும் நாடாவை முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒட்டுவதற்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு டார்ச் விளக்கு வாங்குவதற்கும் வரம்பைப் பார்ப்பதில்லை. வேஷத்துக்குப் பொருந்தாவிட்டாலும், நன்றாகப் பழகிய காலணியையே அணிவிக்கிறோம். பல வீட்டு வாசல்களில் பூசணிக்காய்க்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும். அதனால் தொங்கித் தொங்கி வீசும் மெல்லிய கைகளும் விரிந்த பாவாடையும் உள்ள உடைகளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கிறோம். தீயை எளிதில் பற்றாதது என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், அது எரியவே எரியாது என்று பொருளன்று.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் உண்டு. தீபாவளி சில ஆண்டுகளில் ஹாலோவீனை ஒட்டியே வருகிறது. 2024-இல் இரண்டும் அக்டோபர் 31-ஆம் தேதியிலேயே வந்தன. ஏற்கெனவே வாங்கிவிட்ட பட்டுப் பாவாடையையே அணிவித்து, ‘இந்திய ராஜகுமாரி’ என்று சொல்லி அனுப்பினால் செலவு மிச்சமாகுமே என்று சிநேகிதிகள் சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிப் பெரியவர்கள் கையால் வாங்கி உடுத்துகின்ற அந்தப் பாவாடை என் மகளின் சொந்த உடை. அதை அணிகையில் அவள் வேறொருத்தியாக நடிக்கவில்லை. அந்நிய தேசத்தில் வளர்கின்ற குழந்தையிடம், உன் வீட்டு உடையே ஒரு வேஷந்தான் என்று நாமே சொல்லிக் கொடுக்கலாகாது. அந்த ஆண்டு காலையில் பாவாடையும் மாலையில் வெல்வெட் மேலங்கியுமாக இரண்டையும் தனித்தனியே கொண்டாடினோம். 25 டாலர் அதற்கும் போதுமாயிருந்தது.

பயன்படுத்தின உடைகளைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பொது நூலகங்கள் சில நடத்துகின்றன. எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் தாழ்வாரத்தில் ஒரு மேஜையைப் போட்டு, சிறுத்துப்போன வேஷ உடைகளைத் துவைத்துக் கொண்டுவந்து வைக்கும்படியும், வேண்டியதை யாரும் கேள்வியின்றி எடுத்துக்கொள்ளும்படியும் செய்திருக்கிறோம். கொடுப்பவர்கள் உடையின் அளவையும், அது எந்த வயதுக் குழந்தைக்குப் பொருந்தும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் குத்திவிட வேண்டும். தொப்பி, இறக்கை போன்ற உதிரிகளை அதே பையில் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். யாவற்றையும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்ப்பது நல்லது. கையில் பணமில்லாத வீட்டார் கடைசி வாரம் வரை தவித்துக் காத்திராமல், மாதத் தொடக்கத்திலேயே தங்கள் குழந்தைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவதற்கு அது அவகாசம் தரும்.