நாலு ஜிபி கார்டு போட்டால் பழைய கம்ப்யூட்டர் பறக்குமா?

"அண்ணா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க. நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க."

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து திருச்செங்கோடு வரை, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பேச்சு அவர்களுக்குப் பழக்கப்பட்டதாக இருக்கும். பையனைக் காலேஜில் சேர்த்திருக்கும் அப்பா கேட்பார். வீட்டிலேயே தறிக் கணக்கு பார்ப்பவர் கேட்பார். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரரும் கேட்பார். யாரோ ஒருவர் அவர்களிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்: நாலு ஜிபி கார்டு போட்டால் போதும், புதுசு மாதிரி ஓடும். விற்பவரும் தலையை ஆட்டிவிட்டுக் கார்டைச் செருகி அனுப்பிவிடுகிறார். எனக்குக் கோபமே இந்தத் தலையாட்டலின் மேல்தான். அந்த ஒரு வரிக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன.

முதல் பொய், வேகம். உங்கள் கம்ப்யூட்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறதா? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கம்ப்யூட்டராக இருந்தால் அங்கே பெரும்பாலும் 100 சதவீதம் என்று நிற்கும். பக்கத்திலேயே சிபியு 10, 15 என்று சும்மா உட்கார்ந்திருக்கும். வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று கண்ணுக்கு முன்னால் எழுதிக் காட்டுகிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்? ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு. அதன் மேல் ஊசி மாதிரி ஒரு ஹெட் இடம் தேடி அலைய வேண்டும். சிதறிக் கிடக்கும் ஃபைல்களை விநாடிக்கு நூறு தடவைக்குப் பக்கத்தில்தான் அதனால் போய் எடுக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்யும். விண்டோஸ் திறப்பது, டேலி திறப்பது, ஆன்லைன் படிவம் நிரப்புவது எல்லாம் இந்தத் தேடலில்தான் காத்துக் கிடக்கின்றன. திரையில் படம் வரையும் கார்டுக்கு இதில் வேலையே இல்லை. உங்கள் மதர்போர்டு பழைய சாட்டா 2 வகையாக இருந்து, எஸ்எஸ்டியின் வேகத்தில் பாதிதான் கிடைக்கும் என்றாலும் பரவாயில்லை; வித்தியாசம் முதல் நாளே தெரியும். ராம் 4 ஜிபிக்குக் கீழே இருந்தால் அதையும் கூட்டுங்கள். கார்டைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டாவது பொய், அந்த "நாலு ஜிபி". ஜிபி கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையை வைத்தே நம் ஊரில் ஜிடி 730 விற்றுத் தீர்ந்திருக்கிறது. 2014இல் வந்த கார்டு அது. ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு. டிடிஆர்3 மெமரியும் 64 பிட் பாதையும் உள்ள வகை விநாடிக்கு 14.4 ஜிபி தரவைத்தான் நகர்த்தும். அதே 64 பிட் பாதையில் ஜிடிடிஆர்5 மெமரி போட்ட வகை 40 ஜிபி நகர்த்தும். கடையில் 4 ஜிபி என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பெட்டிக்குள் இருப்பது அநேகமாக டிடிஆர்3. 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டு அதைத் தாராளமாக முந்தும். குடோன் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் சரக்கு ஏற்றும் வாசல் குறுகலாக இருந்தால் லாரி காத்துத்தான் நிற்கும். ஜிடி 1030லும் இதே கதைதான். 2017இல் வந்த ஜிடிடிஆர்5 வகையின் வேகம் 48 ஜிபி. மறு வருஷம் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகைக்கு 16.8. பெட்டியில் பெயரும் ஒன்று, படமும் ஒன்று. மெமரி வகையைக் கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மேலே சொன்ன ஜிடி 730 வகைகள் சார்ந்த கெப்லர் வரிசைக்குப் புதிய கேம் டிரைவர்கள் தருவதை என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டன. சீல் பிரிக்காத பெட்டி என்று காட்டினாலும் உள்ளே இருப்பது கைவிடப்பட்ட பொருள். யூடியூப் அனுப்பும் விபி9 வீடியோவை அந்தக் கார்டால் தானாகப் பிரிக்க முடியாது. பாரம் மறுபடி பிராசஸர் தலையில்தான் விழும். ஜிடி 1030 அதைச் செய்யும். ஆனால் அதில் வீடியோவை என்கோட் செய்யும் பகுதி கிடையாது. கல்யாண வீடியோ சீக்கிரம் எக்ஸ்போர்ட் ஆகும் என்று நம்பி அதை வாங்கும் ஸ்டூடியோக்காரர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏமாற்று இதோடு முடியவில்லை. பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும் போலிகள் ஆன்லைனில் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மெமரி வகை, பாதையின் அகலம், விநாடி வேகம் மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டுகிறது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே இதை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். விற்பவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேம், 3டி வேலை, வீடியோ எடிட்டிங் என்று உண்மையாகவே கார்டு தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேபினெட்டைத் திறந்து, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். மேலே 450 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்தான், அதற்குள்தான் பிராசஸரும் கார்டும் வாழ வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 1050 டிஐ அந்த அளவுக்குள் அடங்கும். ஆர்எக்ஸ் 580 மாதிரி 185 வாட் கேட்கும் கார்டுக்கு மோலெக்ஸ் வயரை முறுக்கிக் கொடுத்தால் கனெக்டர் உருகவும் கூடும்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். "கார்டு போட்டும் வித்தியாசமே இல்லைங்க" என்பவர்களில் பலர் மானிட்டர் கேபிளைப் பழையபடி மதர்போர்டிலேயே செருகியிருப்பார்கள். பழைய விஜிஏ மானிட்டருக்குப் புதிய கார்டு நேரடியாக ஒத்துவராது. ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். 2011 செப்டம்பரிலிருந்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பில் கிராபிக்ஸ் மாற்றலாமா என்றால், முடியாது. அதிலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவதுதான் வழி. பழைய போர்டிலும் பிளாப்பி டிரைவிலும் தங்கம் இருக்கிறதென்று ஆசிட்டில் போட்டு உருக்குகிறவர்களுக்குக் கிடைப்பது நுரையீரல் கெடுதல்தான். அங்கே இருப்பது முனைகளில் பூசிய மெல்லிய முலாம்.

பிளாப்பி என்றதும் ஒரு நம்பிக்கையை மட்டும் நின்று திருத்த வேண்டியிருக்கிறது: "டிரைவ் போச்சுன்னா டிஸ்கில இருக்கறதும் போச்சு." இல்லை. பிளாப்பி டிரைவின் ஹெட், ஹார்ட் டிஸ்க்கைப் போலல்லாமல், டிஸ்க்கைத் தொட்டு உரசியே படிக்கும். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி அந்த வாயிலில் புகுந்து ஹெட்டில் அப்பிக்கொண்டால் நல்ல டிஸ்க்கும் படிக்காது. மொபைல் சர்வீஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, மேல் ஹெட்டைத் தூக்காமல் மெதுவாகத் துடைத்தாலே பல டிரைவ்கள் உயிர் பெறும்.

ஆனால் டிஸ்க்கைப் போடுவதற்கு முன் அதன் உலோக மூடியை விரலால் தள்ளி, நடுவட்டத்தைச் சுழற்றி, கறுப்புத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் டிஸ்க் கீறிப்போகும், அழுக்கு அடுத்த டிஸ்க்குக்கும் போகும். சுத்தமாக இருந்தால் மூலையில் உள்ள சின்னத் தாழைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள், அப்போது அதில் எதுவும் எழுதப்படாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் 'நோ' அழுத்துங்கள். அங்கே அவசரப்பட்டு 'யெஸ்' அழுத்தித்தான் நம் ஊர் டிடிபி கடைகளில் எத்தனையோ மேட்டர் காணாமல் போயிருக்கிறது.

பழைய எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் உங்கள் மெஷினில் பொருந்தாது. அதே இடத்தில் உட்காரும் கோடெக் மாதிரி எமுலேட்டரைக் கேளுங்கள். அதுவும் பென்டிரைவை 1.44 எம்பி துண்டுகளாகப் பிரித்துத்தான் காட்டும், துண்டுக்கு ஒரு நம்பர். எட்டு ஜிபியும் ஒரே டிஸ்க்காகத் தெரியாது.

நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். ராசிபுரம், பரமத்தி வேலூர், தாரமங்கலம் பக்கம் தொண்ணூறுகளில் டிடிபி கடை வைத்திருந்தவர்களே, கும்பாபிஷேக மலர், ஊர்த் திருவிழா நோட்டீஸ், உள்ளூர்க் கவிஞரின் தொகுப்பு என்று நீங்கள் கம்போஸ் செய்தவை இன்னும் பீரோவில் பிளாப்பியாகக் கிடக்கின்றன. காப்பி எடுப்பதோடு வேலை முடியாது. அவையெல்லாம் அன்றைய ஃபான்ட்களின் குறியீட்டில் இருக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். யூனிகோடைத் தமிழுக்கான தரமாகத் தமிழக அரசு 2010இல் அறிவித்த பிறகும் அந்தப் பழைய ஃபைல்கள் அப்படியேதான் கிடக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம். எந்த ஃபான்ட்டில் அடித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் நினைவிருக்கும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஃபான்ட்டின் பெயரை ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் இன்றே எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதியை அந்தக் கோயில் நிர்வாகத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ கொடுங்கள்.