டி.என்.ஏ. தடங்களை வெள்ளியால் துலக்குதல்

வீரிய ஒட்டு நெல் விதையின் இனத்தூய்மையை அறிவதற்கு, அதனை வயலில் விதைத்துப் பயிரின் குணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நெடுநாளைய முறையாகும். இதற்கு ஒரு பருவம் முழுவதும் கழியும். நாற்றின் இளம் இலையிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, அதன் குறிப்பிட்ட பகுதியைப் பெருக்கிச் சோதித்தாலோ சில தினங்களில் முடிவு கிட்டும். ஆயினும் டி.என்.ஏ. கண்ணுக்குப் புலனாகாது. அதனைப் புலனாக்கும் முறைகளுள் வெள்ளி முறையை ஈண்டு விளக்குவோம்.

தத்துவம்

டி.என்.ஏ. எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே, பாலி அக்ரிலமைட் ஜெல்லில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது நேர்மின்முனையை நோக்கி நகர்கிறது. சிறு துண்டுகள் விரைந்து முன் செல்லும். பெரிய துண்டுகள் பின்தங்கும். பின்னர் ஜெல்லை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தினால் வெள்ளி அயனிகள் டி.என்.ஏ.யுடன் பிணைகின்றன. காரக் கரைசலில் பார்மால்டிஹைடு அவ்வயனிகளை உலோக வெள்ளியாக ஒடுக்குகிறது. துண்டுகள் நின்ற இடங்களில் பழுப்பு அல்லது கருநிறப் பட்டைகள் தோன்றுகின்றன. புகைப்படச் சுருளில் உருவம் துலங்குவதும் இத்தகைய வினையினாலேயே.

எதிடியம் புரோமைடு என்னும் சாயத்தைப் பயன்படுத்தினால் புற ஊதா விளக்கு வேண்டும். அச்சாயம் மரபணுக்களில் மாற்றம் விளைவிக்க வல்லது. வெள்ளிப் பட்டைகளையோ சாதாரண வெளிச்சத்தில் காணலாம். ஜெல்லை உலர்த்தி நெடுநாள் பாதுகாக்கவும் இயலும்.

செய்முறை

பாசம், கேட்டனோ-அனோயஸ், கிரெஸ்ஹாஃப் ஆகிய மூவர் 1991இல் வெளியிட்ட முறை பெரிதும் கையாளப்படுகிறது. சதுர மில்லிமீட்டருக்கு 1 பிக்கோகிராம் அளவேயான டி.என்.ஏ.யையும் இது காட்ட வல்லது. அதன் படிகள் வருமாறு:

1. ஜெல்லை 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 20 நிமிடம் வைத்து டி.என்.ஏ.யை நிலைப்படுத்துக.

2. காய்ச்சி வடித்த நீரில் மும்முறை, முறைக்கு 2 நிமிடம் கழுவுக.

3. லிட்டருக்கு 1 கிராம் வெள்ளி நைட்ரேட்டும், 37 சதவீத பார்மால்டிஹைடு 1.5 மில்லிலிட்டரும் சேர்ந்த கரைசலில் 30 நிமிடம் வைக்க.

4. நீரில் சில விநாடிகள் மட்டும் அலசுக. மிகுதியாக அலசினால் டி.என்.ஏ.யைப் பற்றிய வெள்ளியும் நீங்கிப் பட்டைகள் மங்கும்.

5. லிட்டருக்கு 30 கிராம் சோடியம் கார்பனேட்டு, 2 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேட்டு ஆகியவற்றுடன் பார்மால்டிஹைடும் கலந்த குளிர்ந்த கரைசலில் துலக்குக. தயோசல்பேட்டு, ஜெல் முழுதும் கருமை படர்வதைத் தடுக்கிறது.

6. பட்டைகள் தெளிவானவுடன் குளிர்ந்த அசிட்டிக் அமிலத்தில் இட்டு வினையை நிறுத்துக.

நீரின் தூய்மை

குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் குளோரைடு உண்டு. அது வெள்ளியுடன் கூடி வெண்ணிற வீழ்படிவாகி ஜெல்லைக் கெடுக்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம்: நீர்த்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் சிறிது கறியுப்பு நீரை விட்டால் தயிர் போன்ற வெண்படிவு உண்டாகும், வெயிலில் வைத்தால் அது கருகும். விரல் தடங்களும் ஜெல்லில் கறையாகப் படியுமாதலால் கையுறை இன்றியமையாதது. மேலும் வெள்ளி நைட்ரேட்டு தோலைக் கருக்கும். பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. காற்றை வெளியேற்றும் கூண்டினுள்ளேயே அதனைக் கையாள வேண்டும். வெள்ளிக் கழிவைச் சாக்கடையில் விடாது, உப்பிட்டு வீழ்படிவாக்கிச் சேகரித்தல் முறை.

பட்டைகளைப் படித்தல்

பெற்றோர் வரிசைகள் வேறுபடும் இடத்தைத் தேர்ந்தால், உண்மையான வீரிய ஒட்டு நாற்றில் பெண் வரிசையின் பட்டையும் ஆண் வரிசையின் பட்டையும் ஒருங்கே காணப்படும். பெண் வரிசையின் பட்டை மட்டும் இருப்பின் அந்நாற்று ஒட்டு அன்று. எனினும், வெள்ளி டி.என்.ஏ. இருப்பதை மட்டுமே காட்டும். அது எதனுடையது என்று கூறாது. ஆகவே ஒவ்வொரு ஜெல்லிலும் இரு பெற்றோர், அளவு தெரிந்த துண்டுகளின் கலவை, டி.என்.ஏ. சேராத வெறும் மாதிரி ஆகியவற்றையும் உடன் ஓட்டுதல் வேண்டும்.

துலக்கம் குறைந்தால் ஒட்டு நாற்றின் ஒரு பட்டை மறைந்து, நல்ல விதை கலப்படம் எனத் தள்ளப்படலாம். மிகுந்தால் வேண்டாத மெல்லிய பட்டைகள் எழுந்து, கலப்பட விதை நல்லதெனக் கொள்ளப்படலாம். முன்னதில் விதை உற்பத்தி செய்தவரும், பின்னதில் அதனை வாங்கி விதைத்த உழவரும் நட்டமடைவர். களப்பணியாளர் இலை மாதிரிகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, எண் குறித்து, குளிர்ச்சியாக அனுப்புவதும் இச்சோதனையின் ஒரு பகுதியே. உறையின் எண் மாறினால், எத்துணைத் தெளிவான பட்டையும் தவறான விதைக்கே சான்று கூறும்.