குடியிருந்த வீடு கைமாறியபோது

2007-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சிகாகோ நகரத்தில் பிறந்து வளர்ந்த ஃபீட்பர்னர் என்னும் சேவையைக் கூகுள் விலைக்கு வாங்கிவிட்டது என்ற செய்தி வந்த அன்று, தமிழில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்த எங்களில் சிலருக்கு உண்டான கலக்கம், வாடகை கொடுக்காமல் பல காலம் குடியிருந்த வீட்டை உடையவர் யாருக்கோ கிரயம் செய்துவிட்டார் என்று தெருமுனைப் பெட்டிக்கடையில் கேள்விப்படுகிறவனின் கலக்கத்தை ஒத்திருந்தது. ஆட்சேபிக்க நமக்குப் பாத்தியதை இல்லைதான். ஆனாலும் மனசு கேட்பதில்லை.

நாம் எழுதுவதை உடனுக்குடன் சந்தாதாரர்களின் வாசிப்பானில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓடையை வாங்கிச் செப்பனிட்டு, எத்தனை பேர் அதைப் பருகுகிறார்கள் என்று எண்ணியும் சொல்வது அப்போது ஃபீட்பர்னரின் காரியம். பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள, வாசகர் தொகையைக் காட்டும் சின்னஞ்சிறு பட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். அந்தப் பட்டையில் 47 என்பது 48 ஆகிற தினத்தில் எனக்கு இரண்டாவது காப்பி தேவைப்படாது. 46 ஆகிற தினத்தில் வீட்டார் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் சந்தேகத்துக்கு முகாந்திரம் இல்லாமலில்லை. நான் எழுதிவந்த பிளாகரைப் பைரா லாப்ஸ் என்ற சிறு ஸ்தாபனத்திடமிருந்து 2003 பிப்ரவரியிலேயே கூகுள் வாங்கியிருந்தது. வருகிறவர்களைக் கணக்கிடும் அனலிடிக்ஸ், 2005-இல் வாங்கப்பட்ட அர்ச்சின் என்ற நிறுவனத்திலிருந்து உருவானது. யூடியூப் 2006 அக்டோபரில் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்குக் கைமாறிற்று. விளம்பரத் துறையில் பேர்போன டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2007 ஏப்ரலில் அறிவித்திருந்தார்கள். எழுதும் திண்ணையும், வாசிக்கும் கூடமும், வருவோரை எண்ணும் பேரேடும், விளம்பரத்தால் வரும் நாலு காசும், எங்கோ தேடுகிறவனுக்கு நம் வாசலைச் சுட்டும் கைகாட்டி மரமும் ஆக அனைத்தும் ஒரே எஜமானன் வசம் போய்விட்டால், அந்த எஜமானனுக்குப் பிடிக்காத ஒன்றை எழுதுகிறவன் கதி என்ன என்பதே அப்போது எங்கள் விசாரம். அயலார் திண்ணையில் எழுதுகிறவனைத் தேடலில் கீழே தள்ளிவிடுவார்கள் என்று நம்பிய நண்பர் ஒருவர் அந்தக் கோபத்தில் ஒரே வாரத்தில் கூகுளுக்குச் சொந்தமில்லாத வேர்ட்பிரஸ்ஸுக்கு ஜாகை மாறினார்; அதையே நம்பிய இன்னொருவர் அதற்காகவே பிளாகருக்குத் திரும்பினார்.

இன்று யோசித்துப் பார்க்கையில், நாங்கள் பயந்தது வேறு, வந்தது வேறு என்று படுகிறது. பகையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம், வந்து சேர்ந்தது அசிரத்தை. வாங்கிய புதிதில் தாராளம்தான்: பிளாகரில் காசு கொடுத்தால் மட்டுமே கிடைத்துவந்த சில வசதிகள் இலவசமாயின; ஃபீட்பர்னரிலும் கட்டண வசதிகளை இலவசமாக்கினார்கள். அதற்குப் பின் வருஷக்கணக்காக அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க யாரும் வரவில்லை. கூகுள் தானே 2005-இல் கட்டிய வாசிப்பானாகிய ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச் 13-இல் அறிவித்து, ஜூலை 1-இல் மூடிவிட்டது. ஃபீட்பர்னர் மூலம் மின்னஞ்சலில் பதிவுகளை அனுப்பும் ஏற்பாடு 2021-இல் நின்றது. ஃபீட்பர்னர் வாங்கப்பட்ட அதே 2007-இல் வாங்கப்பட்ட ஜைக்கு என்ற குறும்பதிவுச் சேவைக்கு 2012 ஜனவரியில் காரியம் முடிந்தது. இவற்றில் துவேஷம் என்று எதையும் நான் காணவில்லை. பெரிய மிராசுதாரருக்குப் பத்துக் கிராமத்தில் நிலம் இருந்தால், ஒரு மூலையிலிருக்கும் கிணற்றைத் தூர் வாரவில்லை என்பதற்காக அவரைக் கொடியவர் என்று சொல்ல முடியுமா? கிணற்றை நம்பிப் பயிர் வைத்தவன் பாடுதான் திண்டாட்டம்.

இந்தப் பாடத்தை நான் படித்தது வேறோர் இடத்தில். படங்களைச் சேமித்து வைக்கும் இலவசச் சேவை ஒன்றை அக்காலத்தில் உபயோகித்துவந்தேன். அதன் பெயர் இங்கே முக்கியமில்லை. அதைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிற்று. வாழ்த்துச் சொல்லி ஒரு கடிதம், சில மாதம் கழித்து வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம். இரண்டாவது கடிதம் நான் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருந்தது. எங்கள் ஊர்த் தேரோட்டத்தைப் பற்றி நான் எழுதியிருந்த பதிவில், ‘மேலே உள்ள படத்தில் வலது ஓரத்தில் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் என் பாட்டனார்’ என்று ஒரு வாக்கியம் உண்டு. ஒரு நாள் அதைத் திறந்தால், மேலே ஒரு வெற்றுக் கட்டம். அதன் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பாட்டனாரும் இல்லை, வடமும் இல்லை, தேரும் இல்லை.

அதற்குப் பிறகு செய்த முதல் காரியம், சொந்த டொமைன் ஒன்றைப் பதிவு செய்துகொண்டது. எங்கே எழுதினாலும் விலாசம் நம் பெயரில் இருக்க வேண்டும். பிளாகரிலேயே எழுதிக்கொண்டு சொந்த டொமைனில் அதைக் காட்டலாம். ஓடைக்கும் இது பொருந்தும். ஃபீட்பர்னர் இலவசமாக்கிய வசதிகளில் ஒன்றான மைபிராண்டைக் கொண்டு, ஓடை என் டொமைனின் கிளை விலாசத்திலிருந்தே புறப்படுமாறு சி-நேம் என்னும் ஒற்றை வரிப் பதிவால் அமைத்துவிட்டேன். பின்னாளில் ஃபீட்பர்னரை விட்டு விலகியபோது அந்த ஒரு வரியை மாற்றியதோடு சரி. ஒரு சந்தாதாரருக்கும் நான் வீடு மாறியது தெரியாது. ஃபீட்பர்னரின் விலாசத்திலேயே ஓடையை விட்டிருந்தவர்கள், ‘தயவுசெய்து புதிய ஓடைக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று ஆறு மாதம் பதிவு போட்டும் பாதிப் பேர் வந்து சேரவில்லை என்று புலம்பினார்கள். டொமைனுக்கு வருஷந்தோறும் பணம் கட்ட மறக்கலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்து ஒரு தடவை மறந்தவன் நான்.

இரண்டாவது காரியம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுகளை எல்லாம் பொதியாக இறக்கிக்கொள்வது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிளாகர் தரும் எக்ஸ்எம்எல் பொதியில் எழுத்தும் பின்னூட்டமும் வரும். படம் வராது, படம் இருக்குமிடத்தின் விலாசம் மட்டுமே வரும். பொதியை இறக்கிவிட்டோம் என்ற திருப்தியில் தூங்குகிறவன், வீட்டுச் சாவியைப் பத்திரப்படுத்திவிட்டு வீட்டை மறந்தவன். எனவே படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும். இறக்கிய பொதியை யாரும் காணாத ஒரு வெற்றுப் பதிவில் ஏற்றி, பழைய இடுகை இரண்டைத் திறந்தும் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் சந்தாதாரர் பட்டியலும், நாம் வாசிக்கும் பதிவுகளின் பட்டியலான ஓபிஎம்எல் கோப்பும் அதே உறையில் இருக்கட்டும். ரீடர் மூடிய வாரத்தில் அந்தச் சிறு கோப்பு கையிலிருந்ததால், ஓர் அந்திப் பொழுதுக்குள் வேறு வாசிப்பானில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டனார் படத்தின் மூலப்பிரதி அத்தையுடையது. ஸ்கேன் செய்தவுடன் யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்கேன் செய்ததோ பழுதான பழைய கணினியோடு போய்விட்டது. மறுபடியும் கேட்டுப் போனபோது, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய படத்தை எடுத்துக்கொண்டே அத்தை கேட்டாள்: “முன்னேயே ஒரு தரம் வாங்கிண்டு போனியே, அதை என்னடா பண்ணினே?”