வீடு மாறினால் யாரிடம் சொல்வது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

வீடு மாறுவது நம் ஊரில் பெரிய செய்தியன்று. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம். பால்காரருக்கும் செய்தித்தாள் போடும் பையனுக்கும் சொல்கிறோம். குடும்ப அட்டையில் முகவரி மாற்றும் வேலையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறோம். அப்படி ஒத்திப்போட்டதற்காக எவரும் நம்மைச் சிறையில் வைப்பதில்லை. ஆனால் பிற நாட்டில் சென்று வாழும் ஒருவருக்கு இதே செயல் சட்டக் கடமையாகிறது. தவறினால் அபராதம் உண்டு, சிறை உண்டு, நாட்டை விட்டு வெளியேற்றப்படுவதும் உண்டு.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது என் அக்காவின் அனுபவம். அவள் நம்முடையதைப் போன்ற ஓர் அரசு கல்லூரியில் இயற்பியல் பயின்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவள். படிப்பு முடிந்தபின் மாணவர்கள் அங்கே சிறிது காலம் தொழிற்பயிற்சியாக வேலை பார்க்கலாம். அதற்கு அனுமதி அட்டை வேண்டும். அட்டைக்கு விண்ணப்பித்த சில நாட்களில் அவள் வாடகை குறைந்த வேறொரு வீட்டிற்கு மாறினாள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திற்குச் சொன்னாள், வங்கிக்குச் சொன்னாள், அஞ்சலகத்திலும் எழுதிக் கொடுத்தாள். விண்ணப்பத்தில் இருந்த பழைய முகவரியை மட்டும் மாற்றவில்லை. அட்டை பழைய வீட்டிற்குச் சென்று, பெறுவாரின்றிக் குடிவரவு அலுவலகத்திற்கே திரும்பிவிட்டது.

வேலை தொடங்க வேண்டிய நாள் வந்தது, அட்டை வரவில்லை. பயிற்சிக் காலத்தில் வேலையின்றி இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 90 மட்டுமே. அந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. "பிள்ளையைத் திருப்பி அனுப்பிடுவாங்களாடா?" என்று அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுடைய படிப்புக்காக அப்பா வாங்கிய கடன் அப்படியே இருந்தது. தொலைபேசியில் அக்கா சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "எல்லார்கிட்டயும் சொன்னேன் தம்பி. சொல்ல வேண்டிய ஒரே ஒரு இடத்தை விட்டுட்டேன்."

ஐந்து வாரங்களுக்குப் பின் அட்டை வந்து சேர்ந்தது, வேலையும் தப்பியது. ஆனால் ஒரு முகவரிக்கு ஏன் இத்தனை வலிமை என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அஞ்சலகத்தில் தொடங்கிய பதிவு

அமெரிக்காவில் இவ்விதியின் வேர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உள்ளது. பிரான்ஸ் வீழ்ந்த அதே 1940 ஜூன் மாதத்தில், 28-ஆம் நாளன்று, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அயலார் பதிவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதனைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயரால் ஸ்மித் சட்டம் என்றும் அதை அழைப்பர். 14 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் யாவரும் பதிவு செய்துகொண்டு கைரேகை தர வேண்டும் என்பது அதன் ஆணை. பதிவு நடந்த இடம் காவல் நிலையமன்று, அஞ்சலகம். ஆகஸ்டு 27-இல் தொடங்கிய பணி டிசம்பர் இறுதி வரை நடைபெற்றது. ஏறத்தாழ 50 இலட்சம் பேர் பதிவு செய்துகொண்டனர். வீடு மாறினால் ஐந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது.

அமெரிக்கா போரில் இறங்கியதும் பதிவின் மறுபக்கம் தெரிந்தது. 1942 ஜனவரியில் ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி நாட்டுக் குடிமக்கள் பகைநாட்டவர் என்ற முறையில் தனி அடையாளச் சான்று பெறுமாறு ஆணை பிறந்தது. முன்பு அஞ்சலகத்தில் வரிசையில் நின்று பெயரும் ஊரும் சொன்னவர்களை அரசு இப்போது வேறு கண் கொண்டு பார்த்தது.

போர் முடிந்த பின்னும் விதி நீங்கவில்லை. ஆண்டுதோறும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டளை 1950-இல் சேர்ந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் வெளிநாட்டவர் அஞ்சலகத்தில் அட்டை வாங்கி நிரப்பித் தந்தனர். 1981 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் இந்த ஆண்டு வழக்கத்தை நீக்கிற்று. ஆனால் வீடு மாறினால் தெரிவிக்கும் கடமை மட்டும் நின்றது.

இன்றைய விதி

1952-ஆம் ஆண்டின் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 265-ஆம் பிரிவே இன்றும் அடிப்படை. வீடு மாறிய 10 நாட்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தின் பெயர் ஏ.ஆர்.–11. அதைக் கணினி வழியாகவும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. மாணவர், பணியாளர், 'கிரீன் கார்டு' பெற்ற நிரந்தரக் குடியிருப்போர் ஆகிய அனைவரையும் இவ்விதி கட்டுப்படுத்தும். தூதரக அதிகாரிகள் போன்ற சிலர்க்கு விலக்கு உண்டு. 30 ஆண்டுகளாக அங்கே வீடும் வாசலுமாக வாழ்பவரானாலும், குடியுரிமை பெறாதவரை அவருக்கும் இக்கடமை உண்டு.

தவறினால் 200 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 266-ஆம் பிரிவின் வாசகம். இதைவிடக் கடுமையானது அடுத்த வரி. வேண்டுமென்றே செய்யவில்லை என்றோ, தக்க காரணம் இருந்தது என்றோ மெய்ப்பிக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேற்றலாம். மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையதன்று, குடியேறியவருடையது.

இங்கே என் அக்கா அறியாதிருந்த ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் 10 நாட்களுக்குள் தம் பல்கலைக்கழக அலுவலரிடம் தெரிவித்து, அவர் அரசின் பதிவேட்டில் ஏற்றினால் கடமை நிறைவேறிவிடும். ஆகவே அக்கா சட்டத்தை மீறவில்லை. ஆனால் நிலுவையில் உள்ள விண்ணப்பத்தின் முகவரி வேறு ஏட்டில் இருப்பது. அதைத் தனியாக மாற்ற வேண்டும். அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை. மற்ற கடிதங்களைப் புதிய வீட்டிற்கு அனுப்பும் அஞ்சலகம், குடிவரவுத் துறையின் தபாலை அவ்வாறு அனுப்புவதில்லை.

குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவரின் நிலை இன்னும் இக்கட்டானது. அவர் ஏ.ஆர்.–11 அனுப்பியதோடு நிற்க முடியாது. நீதிமன்றத்திற்கென உள்ள வேறு படிவத்தை ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும். அவர் கடைசியாகத் தந்த முகவரிக்கு விசாரணை அறிவிப்பு அனுப்பப்பட்டால், சட்டத்தின் கண்ணில் அது போதும். அவர் வராவிட்டால், அவர் இல்லாமலே வெளியேற்ற ஆணை பிறக்கலாம். கடிதம் யாருமற்ற வீட்டின் வாசலில் கிடந்திருக்கலாம்; அவர் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்திருக்கலாம். ஆணை ஆணைதான்.

தூங்கும் சட்டம்

பல்லாண்டுக் காலம் இவ்விதியை அமெரிக்க அதிகாரிகளே பெரிதாக எண்ணவில்லை. வெளிநாட்டவர் பலர்க்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நிலைமை மாறியது. 2002 ஜூலையில் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் இவ்விதியைக் கண்டிப்புடன் செயற்படுத்தப்போவதாக அறிவித்தது. அஞ்சிய மக்கள் அனுப்பிய படிவங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன.

வந்தவற்றை என்ன செய்தார்கள்? அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்பத்தகுந்த முகவரிகள் இல்லாமையால் குடிவரவுத் துறையால் பலரைக் கண்டறிய இயலவில்லை என்பது அதன் முடிவு. மக்கள் தெரிவிக்காதது ஒரு காரணம். தெரிவித்ததை ஒழுங்காகக் கையாளும் முறை துறையிடம் இல்லாதது மற்றொரு காரணம். மக்களிடம் 10 நாள் கணக்குக் கேட்ட துறை, தன் ஏட்டைச் சரியாக வைத்திருக்கவில்லை.

2025-இல் மீண்டும் அதே காட்சி. ஜனவரி 20 அன்று பிறந்த ஆணையைத் தொடர்ந்து, 1940-இலிருந்து வரும் பதிவுக் கடமையைக் கடுமையாக்கும் விதி ஏப்ரல் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யாதவர்க்குப் புதிய படிவம் வந்தது. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்னும் பழைய சட்டம் நினைவூட்டப்பட்டது. முறையான விசாவில் வந்தவர்கள் பதிவானவர்களாகவே கருதப்படுகின்றனர். எனினும் முகவரி தெரிவிக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. தூங்கும் சட்டம் இறந்த சட்டமன்று என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

பிற நாடுகளில்

ஜப்பானின் கதை நெஞ்சைத் தொடுவது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் ஜப்பானுக்கு வந்து குடியேறிய கொரியர் பலர், போர் முடிந்த பின்னும் அங்கேயே தங்கினர். 1947-இல் வந்த ஆணை அவர்களை வெளிநாட்டவராகக் கருதிப் பதிவு செய்யச் சொன்னது. 1952-இல் அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அவ்வாண்டு வந்த அயலார் பதிவுச் சட்டத்தின்படி கைரேகை கேட்கப்பட்டது. ஜப்பானிலேயே பிறந்து ஜப்பானிய மொழி பேசி வளர்ந்த இளைஞர்களும் விரலில் மை தடவிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1980-களில் ஆயிரக்கணக்கானோர் கைரேகை தர மறுத்தனர்; சிலர் நீதிமன்றம் சென்றனர். 1993-இல் நிரந்தரக் குடியிருப்போர்க்கும் 2000-இல் மற்றவர்க்கும் அந்த முறை நீக்கப்பட்டது. 2012 ஜூலை 9 முதல் அந்தப் பதிவுச் சட்டமே இல்லை. இப்போது வெளிநாட்டவரும் உள்ளாட்சியின் குடியிருப்போர் ஏட்டில் இடம்பெறுகின்றனர். ஆனால் வீடு மாறினால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 90 நாட்கள் தவறினால் வசிப்புரிமையே பறிபோகலாம்.

ஜெர்மனியில் வீடு மாறிய இரண்டு வாரத்திற்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சான்றும் தேவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதி ஜெர்மானியர்க்கும் உண்டு. அண்டை வீட்டு ஜெர்மானியரும் நம்மவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

இங்கிலாந்தில் குறிப்பிட்ட சில நாட்டவர் மட்டும் காவல்துறையிடம் பதிவு செய்யும் முறை இருந்தது; 2022 ஆகஸ்டில் அது கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் வெளிநாட்டவர்க்கு இத்தகைய கடமை உண்டு. ஆங்கிலேயர் ஆண்டபோது 1939-இல் இயற்றிய பதிவுச் சட்டம் 2025 வரை நீடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதன் இடத்தில் வந்துள்ளது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்வி நிறுவனமும், வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் விடுதியும் பதிவு அலுவலர்க்குத் தகவல் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே இது வெளிநாடு செல்வோர் பற்றிய செய்தி மட்டுமன்று. நம் கல்லூரிக்கு வரக்கூடிய வெளிநாட்டு மாணவரைப் பற்றியதும் ஆகும்.

செல்லும் நண்பர்களுக்கு

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் சிலர் வெளிநாடு செல்கின்றனர். அவர்களுக்கு என் அக்காவின் சார்பில் சில சொற்கள். சென்று சேர்ந்த வாரத்திலேயே அந்நாட்டில் வீடு மாறினால் எத்தனை நாட்களுக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் சொன்னால் மற்றொன்றுக்குத் தானே தெரிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதன் முகவரியைத் தனியாக மாற்றுங்கள். தெரிவித்ததற்கான சான்றை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும். நண்பரின் அறையில் 'கொஞ்ச நாள்' தங்கினாலும் விதியைப் பாருங்கள். கொஞ்ச நாள் என்பது சட்டத்தில் இல்லாத அளவு.

முடிவுரை

தன் எல்லைக்குள் வாழ்வோர் யார், எங்கே இருக்கிறார் என்று அறிய விரும்புவது ஓர் அரசின் இயல்பே. அதைக் குறைகூற நான் முன்வரவில்லை. ஆனால் எல்லாரிடமும் கேட்கும்போது அது கணக்கெடுப்பு. சிலரிடம் மட்டும் கேட்டு, தவறினால் வெளியேற்றுவோம் என்னும்போது அது கண்காணிப்பு. அமைதிக் காலத்தில் அக்கண் அயர்ந்திருக்கும்; அச்சம் பிறக்கும்போது விழித்துக்கொள்ளும். 1940-உம் 2002-உம் 2025-உம் இதைத்தான் காட்டுகின்றன.

அக்கா அதன்பின் ஒருமுறை வீடு மாறினாள். இம்முறை பெட்டிகளைக் கட்டுவதற்கு முன்பே படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டாளாம். "புது வீட்டில் பால் காய்ச்சினாயா?" என்று அம்மா கேட்டார். "முதலில் முகவரி மாற்றினேன் அம்மா, பிறகுதான் பால் காய்ச்சினேன்" என்றாள். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு திரும்ப எங்கள் வீட்டில் ஐந்து வாரம் ஆயிற்று என்பது எனக்குத் தெரியும்.