எக்ஸெல்லில் மாத்தினா அட்டவணையிலும் மாறணுமே!

எங்க கூட்டமைப்பில் நாப்கின் தயாரிக்க ஒரு கொட்டகை கட்டினோம். எந்த வேலைக்கு எத்தனை நாள் என்பதை நான் எக்ஸெல்லில் எழுதி வைத்தேன். வேலையைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் தம்பி, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் அட்டவணை போட்டு இரண்டையும் இணைத்துக் கொடுத்தார். "அக்கா, நீங்க எக்ஸெல்லில் நாளை மாத்தினா போதும், தேதியெல்லாம் தானா நகரும்" என்றார்.

கூரைக்கு 7 நாள் போட்டிருந்தோம். மழை பிடித்ததால் 12 நாள் ஆகும் என்றார் மேஸ்திரி. நானும் மாற்றினேன். அட்டவணையில் மட்டும் 7 அப்படியே நின்றது. அதைப் பார்த்துத்தான் மெஷினுக்குத் தேதி சொன்னோம். லாரி வந்தபோது தலைக்கு மேலே வானம்தான்! தார்ப்பாய் போட்டு மூடி, ஐந்து ராத்திரி முறைவைத்துக் காவல் இருந்தோம். கடனில் வாங்கிய மெஷின் ஆச்சே.

தப்பு என்னுடையதுதான். ஃபைலைப் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப் போய் மாற்றினேன். திரும்பி வந்து வேறு பெயரில் டெஸ்க்டாப்பில் போட்டேன். இணைப்புக்குத் தெரிந்ததெல்லாம் விலாசம் மட்டும்தான்: எந்த ஃபோல்டர், எந்த ஃபைல், எந்தக் கட்டம். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டால் போய்ச் சேருமா?

இணைப்பது சுலபம். முதலில் எக்ஸெல் ஃபைலைப் பெயர் கொடுத்து, இனி மாற்றாத ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். 'நாள்' கட்டங்களைக் காப்பி செய்யுங்கள். ப்ராஜெக்ட்டில் முதல் வேலையின் டியூரேஷன் கட்டத்தில் நின்று, பேஸ்ட் ஸ்பெஷல் போய், பேஸ்ட் லிங்க், டெக்ஸ்ட் டேட்டா தேர்ந்து ஓகே கொடுங்கள். வெறும் 12 என்றாலே 12 நாள் என்று எடுத்துக்கொள்ளும். கட்டத்தின் வலது கீழ் மூலையில் சின்ன முக்கோணம் தெரிந்தால் இணைந்துவிட்டது. அதன்பிறகு மாற்றம் எல்லாம் எக்ஸெல்லில்தான். அட்டவணையைத் திறக்கும்போது இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்டால், ஆம் கொடுங்கள்.

தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் இணைக்கவே வேண்டாம். அப்படிச் செய்தால் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே' என்று ஒரு பூட்டு விழுந்துவிடும். சுவர் சீக்கிரம் முடிந்தாலும் கூரை வேலை முன்னால் வராது. நாள் மட்டும் இணையுங்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை ப்ரிடிசெஸர் பத்தியில் குறியுங்கள். இன்னொன்று, 2010 பதிப்பிலிருந்து புதிய வேலைகள் மேனுவல் முறையில்தான் விழும். ஆட்டோ ஷெட்யூலுக்கு மாற்றினால்தான் தேதி நகரும். இது தெரியாமல் நாங்கள் ஒரு நாள் முழுக்கக் குழம்பினோம்.

நடுவில் வரிசை நுழைப்பதும் ஆபத்து. 'கம்பி கட்டுதல்' என்று நடுவில் சேர்த்தால், அட்டவணை மூடியிருக்கும்போது அதற்குத் தெரியாது. ஒரு வேலையின் நாள் அடுத்த வேலைக்குப் போய்விடும். இரண்டு ஃபைலிலும் புது வேலையைக் கடைசியில் சேர்த்து, அந்தக் கட்டத்தையும் இணைத்து, முந்தைய வேலை எதுவென்று குறித்தால் போதும்.

இப்போது லாரிக்குத் தேதி சொல்லும் முன், கூரை நாளை எக்ஸெல்லில் 99 ஆக்கிப் பார்க்கிறோம். அட்டவணையிலும் 99 வந்தால்தான் திரும்ப 12 போட்டு ஃபோனை எடுப்போம்.