கூடாரவாசலில் நின்ற ஐந்து சகோதரிகள்

வாலிப சகோதரிகளுக்கான வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: எண்ணாகமம் 27:1-11; 36:1-12; யோசுவா 17:3-6

இடம்பெயர்ந்து வந்த எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு பொலித்தீன் பை இருக்கும். வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். மழைத்தண்ணீர் படாதபடி கூரை வளையிலே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்; அல்லது றங்குப்பெட்டியின் அடியிலே சேலைகளுக்கு நடுவே வைத்திருப்பார்கள். அதற்குள்ளே அடையாள அட்டையின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய பங்கீட்டு அட்டை, வேளாண்மைக் காணியின் பெர்மிற், விதானையார் கொடுத்த கடிதம், கச்சேரிக்கு எழுதிய மனுக்களின் பிரதிகள் எல்லாம் இருக்கும். சின்னப்பிள்ளைகள் அதைத் தொட்டால் தாய்மார் சத்தம் போடுவார்கள்.

நமது சகோதரிகள் கூடுகையில், அன்றாட வேலைகளிலிருந்து விசுவாசப் பாடம் கற்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி தண்ணீர்க் குடத்தைச் சொன்னாள். ஒருத்தி தும்புத்தடியைச் சொன்னாள். காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடி வீட்டைப் பெருக்கிய பெண் நினைவுக்கு வந்தாள். மாவிலே புளித்தமாவை அடக்கி வைத்த பெண்ணையும் பேசினோம். அப்பொழுது பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, "எங்கட வீட்டில நான் கூடச் செய்யிற வேலை, இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோட கந்தோருக்குப் போறதுதான். அதில என்ன வேதபாடம் இருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வேலைக்கென்றே எழுதி வைத்ததுபோல ஒரு சம்பவம் வேதாகமத்தில் இருக்கிறது. நாம் அதை அதிகம் வாசிப்பதில்லை.

மனாசே கோத்திரத்திலே செலொப்பியாத் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்பிள்ளைகள். அவன் வனாந்தரத்திலே மரித்துப்போனான். அந்நாட்களில் சனங்களை எண்ணிப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவின்படியே காணி பங்கிடப்படும் என்று சொல்லப்பட்டது. எண்ணப்பட்டவர்கள் இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள். ஆகவே செலொப்பியாத்தின் வீட்டுக்குப் பங்கில்லை. அந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடாரவாசலுக்கு வந்தார்கள். மோசேக்கும், ஆசாரியனாகிய எலெயாசாருக்கும், பிரபுக்களுக்கும், சபை அனைத்துக்கும் முன்பாக நின்று, மகன் இல்லாதபடியால் எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போவானேன், எங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார்கள்.

இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள், சகோதரிகளே. அவர்கள் கேட்ட காணி எங்கே இருந்தது? அதை அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை. யோர்தானுக்கு இக்கரையிலே, மோவாபின் சமவெளியிலே, கூடாரத்தில் இருந்துகொண்டு கேட்டார்கள். ஆற்றைக் கடக்கவில்லை, வரம்பு கட்டவில்லை, ஒரு மரைக்கால் நெல்லும் விதைக்கவில்லை. கூடாரத்தில் இருக்கிறவனுக்குக் காணிப் பேச்சு எதற்கு என்று அந்நாளிலும் சிலர் சொல்லியிருப்பார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சுப் புதிதல்ல. தேவன் சொன்ன இடத்துக்குப் போவோம் என்று உண்மையாகவே நம்புகிறவள்தான் அதிலே தன் பங்கைப் பற்றி இப்பொழுதே கேட்பாள். நம்பாதவளுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நான் இந்தச் சம்பவத்தை முன்னே சொத்துத் தகராறு என்றுதான் நினைத்திருந்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்களோடு உட்கார்ந்து வாசித்தபோதுதான் இது விசுவாசத்தின் கதை என்று விளங்கிற்று.

அவர்கள் தங்கள் தகப்பனைப் பற்றிச் சொன்னதையும் கவனியுங்கள். அவர் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பக்கம், யாரோடு இருந்தார் என்ற கேள்வியை நமது வீடுகளும் யுத்த காலத்தில் அறிந்திருக்கின்றன. தகப்பன் இல்லாத வீட்டில் அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் பெரும்பாலும் மூத்த மகள். இந்தப் பெண்கள் தகப்பனைப் பரிசுத்தவானாக்கவும் இல்லை. அவர் தம்முடைய பாவத்தினிமித்தம் மரித்தார் என்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுக் கேட்டார்கள்.

மோசே என்ன செய்தார்? தமக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. நாளை வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். கர்த்தர் அந்தப் பெண்கள் சொல்வது சரி என்றார். அவர்களுக்கு மட்டுமல்ல, மகன் இல்லாத எல்லா வீட்டுக்கும் அதைப் பிரமாணமாக்கினார். (இந்த வசனங்களைப் போதகர்மாரும் சபை மூப்பர்மாரும் ஒருமுறை வாசித்தால் நல்லது. ஒரு பெண்பிள்ளை காணிப் பிரச்சினையைக் கொண்டுவந்தால், இது ஆவிக்குரிய விஷயம் அல்ல என்று அனுப்பிவிடுகிற வழக்கம் நம்மிடத்தில் இருக்கிறது.)

இனி நமது கரைக்கு வருவோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் நிந்தவூரைத் தாண்டியதும் ஒலுவிலைக் காண்பார்கள். 1995ஆம் ஆண்டு தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. பல மாவட்டங்களிலிருந்தும் வாலிபப் பெண்கள் புத்தகத்தோடு வந்து இறங்குகிறார்கள். அந்த ஊரின் கடற்கரையிலே 2008ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு துறைமுக வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் திறப்புவிழா நடந்தது. அதற்கென்று குடும்பங்களின் காணிகள் எடுக்கப்பட்டன. கடலுக்குள் கல்லணைகள் நீண்டபின், கரையோரமாக வடக்கே போகிற மணல் தெற்குப் பக்கத்தில் தடைப்பட்டுச் சேர்ந்தது. வடக்குப் பக்கத்துக் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. தென்னைகள் வேரோடு விழுந்தன. துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது. கடல் எடுத்துக்கொண்ட காணிக்கு உறுதி மட்டும் பையிலே பத்திரமாக இருக்கிறது. அதை வைத்திருக்கிற தாய்க்கு அது வெறுங்காகிதம் அல்ல.

அதே பிரதேசத்திலே அஷ்ரஃப் நகர் என்னும் விவசாயக் குடியிருப்பு உண்டு. 2011ஆம் ஆண்டு இராணுவம் அங்கே காணிகளைப் பிடித்தபோது, பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. தெற்கே பொத்துவிலில் கனகர் கிராமத்துத் தமிழ்க் குடும்பங்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள்; 2018இல் தங்கள் காணி வாசலிலே கொட்டில் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். இன்னும் தெற்கே பாணமையில் 2010இல் துரத்தப்பட்ட சிங்கள விவசாயிகளுக்கு, காணியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தது. ஆனாலும் காணி உடனே கைக்கு வரவில்லை. மூன்று இனம், மூன்று மதம், ஒரே மாவட்டம். எல்லா வீட்டிலும் பை ஒன்றுதான்.

ஒலுவில் இஸ்லாமியர்களின் ஊர். அங்குள்ள சகோதரிகளிடமிருந்து நாம் கற்றுக்கொள்வதற்கு என்ன தடை? அவர்களுடைய வேதமும் மகள்மாருக்குப் பங்கு குறித்திருக்கிறது. அதற்கும் மேலாக, இந்தக் கிழக்குக் கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையை வைத்திருக்கிறோம். வீடு மகளுக்கு என்பது இங்கே பழைய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா என்றாலும் அப்பா என்றாலும், மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டி முடிக்கும் முன் நிம்மதியாகத் தூங்கமாட்டார். (இதனால் தகப்பன்மார் படுகிற கடனும், வீடில்லாத பிள்ளைகள் கரைசேராமல் இருக்கிற துக்கமும் வேறொரு பாடத்துக்குரியவை.)

ஆனால் காகிதம் வேறு வழியில் போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அம்பாறைக் கரை பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்தது. அதன்பின் வீடுகள் கொடுக்கப்பட்டபோது விண்ணப்பப் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவு அலையோடு போயிற்று. புதிய வீட்டின் பத்திரம் பல இடங்களில் கணவனின் பெயரில் வந்தது. கெட்ட எண்ணத்தினால் அல்ல, கட்டம் அப்படியிருந்தது. வயற்காணியில் இது இன்னும் பழையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிற் காணிகளுக்கு, உரிமையாளர் பின்னுரிமையாளரைப் பெயர் குறிப்பிடாமல் மரித்தால், வாரிசு வரிசையில் மகன் மகளுக்கு முன்னே நின்றான். நாற்று நட்டவளும் களை பிடுங்கினவளும் சூடு மிதித்த களத்தைக் கூட்டி அள்ளினவளும் அந்த வரிசையில் பின்னால் நின்றாள். இந்த வேறுபாட்டை நீக்கிச் சட்டம் திருத்தப்பட்டது 2022ஆம் ஆண்டில்தான். எண்பத்தேழு வருடங்கள்! மோவாபின் சமவெளியில் ஒரு நாளிலே நடந்தது நமக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

இப்பொழுது யோசுவா 17ஐ எடுங்கள். அநேகர் எண்ணாகமத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கர்த்தர் சொல்லிவிட்டார், மோசே கேட்டுக்கொண்டார், காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. வருடங்கள் சென்றன. மோசே மரித்துப்போனார். ஆற்றைக் கடந்து காணி பங்கிடுகிற நாள் வந்தபோது அந்த ஐந்து பேரும் மறுபடியும் வந்து நின்றார்கள். இம்முறை யோசுவாவுக்கு முன்பாக. எங்களுக்குப் பங்கு கொடுக்கும்படி கர்த்தர் மோசேக்குக் கட்டளையிட்டாரே என்று ஞாபகப்படுத்தினார்கள். அதற்குப் பின்புதான் காணி கொடுக்கப்பட்டது. அதிகாரி மாறியிருந்தார், பழைய பேச்சு யாருடைய நினைவில் இருந்ததோ தெரியாது, இவர்களுடைய நினைவில் இருந்தது. "ஐயா மாற்றலாகிப் போயிட்டார், புது ஐயா வந்த பிறகு வாங்க" என்று கேட்டுத் திரும்பிய பிள்ளைகளே, அந்த ஐவரும் உங்கள் வரிசையில் நின்றவர்கள்தான்.

இடையிலே எண்ணாகமம் 36 இருக்கிறது. கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, இவர்கள் வெளியே கலியாணம் செய்தால் காணி வேறு கோத்திரத்துக்குப் போய்விடுமே என்று முறையிட்டார்கள். அதற்கும் ஒரு ஒழுங்கு செய்யப்பட்டது. பெண்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளே விவாகம் செய்தார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு முழுத் திருப்தி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குக் கொடுத்த பங்கைச் சுற்றி உடனே ஒரு வேலி போட்டதுபோல் இருக்கிறது. ஆனாலும் பங்கு பறிக்கப்படவில்லை. உங்கள் கூடுகையில் இதை மறைக்காமல் பேசுங்கள்.

கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதே வேதாகமத்தில் நாபோத்தும் இருக்கிறான். திராட்சத்தோட்டத்தைக் கொடுக்கமாட்டேன் என்றதற்காகக் கொல்லப்பட்டான். அஷ்ரஃப் நகரிலும் கனகர் கிராமத்திலும் கேட்டவர்கள் நியாயத்தோடே கேட்டார்கள். நியாயம் கைக்கு வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். ஐந்து சகோதரிகளின் கதை வெற்றிக்குச் சூத்திரம் அல்ல. கந்தோர் வாசலில் நிற்கிற பிள்ளை தேவனுடைய சமுகத்துக்குத் தூரத்தில் நிற்கிறவள் அல்ல என்பதே அதிலே நான் காண்பது. அவர்கள் நின்றதும் ஆசரிப்புக் கூடாரவாசலிலேதானே; ஆராதனைக்குப் போகும் வாசலும் வழக்குச் சொல்லும் வாசலும் ஒன்றாயிருந்தது.

கூடுகையில் செய்ய:

அடுத்த முறை ஒவ்வொருவரும் வீட்டுப் பையைக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை மற்றவளுக்கு உதவட்டும். ஒவ்வொரு பத்திரத்திலும் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெர்மிற் காணியானால் பின்னுரிமையாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா? அப்பா உயிரோடிருக்கும்போது இதைக் கேட்பது அவமரியாதை என்று பயப்படவேண்டாம். நல்ல நேரம் பார்த்து, அம்மாவையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். கொடுத்த மனு ஒவ்வொன்றுக்கும் திகதி, யாரிடம் கொடுத்தது, என்ன பதில் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பதில் வராத மனுவைப் பற்றி, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் கேட்டு எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து உங்களுக்கு அறிவிக்கவேண்டும். தனியே போகவேண்டாம். ஐந்து பேரும் சேர்ந்துதான் போனார்கள்.

கலந்துரையாட:

உங்கள் வீட்டில் கந்தோருக்குப் போகிறவர் யார்? ஏன் அவர்?

பதிவேட்டிலே பெயர் இல்லாத ஐந்து பெண்களின் பெயர்கள் வேதாகமத்தில் ஒரு தடவையல்ல, பல தடவை ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. எண்ணாகமம் 26:33, 27:1, 36:11, யோசுவா 17:3 ஆகியவற்றை ஒப்பிட்டு வாசியுங்கள். பெயர்களின் ஒழுங்கில் ஏதும் மாற்றம் தெரிகிறதா?

காணியைக் கடல் எடுத்துவிட்ட ஒலுவில் குடும்பத்து மகள் ஒருத்தி உங்கள் அருகில் வந்து உட்கார்ந்து, "எங்கட பங்கு எங்கே?" என்று கேட்டால் அவளோடு எந்தக் கந்தோர் வரைக்கும் போவீர்கள்?