பயணப் படமும் பாட்டன் நினைவும்

மாணவமணிகளே! பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும்பொழுது உங்களில் பலர் பயணப் படங்களைக் கொண்டுவருகின்றீர்கள். பினாங்குக்குச் சென்றோம், மலாக்காவைக் கண்டோம், பத்துமலைப் படியேறினோம் என்று மகிழ்ச்சியோடு காட்டுகின்றீர்கள். நண்பர்களும் "அழகாக இருக்கிறது" என்று கூறிவிட்டு அடுத்த படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். படம் இடத்தைக் காட்டும், முகத்தைக் காட்டும். அங்கு ஏன் சென்றோம், யாருடன் சென்றோம், எதைக் கண்டு வியந்தோம் என்பவற்றை அது தானாகச் சொல்லாது. அவற்றை நாமே சொல்லவேண்டும். படத்தையும் அதன் பின்னுள்ள நினைவையும் சேர்த்துப் பகிர்ந்துகொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

உலகம் சுற்றிய தமிழர்

இத்துறையில் நமக்கு நல்ல வழிகாட்டி ஏ. கே. செட்டியார். இவர் 1911ஆம் ஆண்டில் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றார். காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் 1937இல் கடற்பயணத்தின்பொழுது அவருக்கு உதித்தது. பல நாடுகளில் பலர் எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். சுமார் 50,000 அடி நீளமுள்ள சுருள்களைத் திரட்டினார். அப்படம் 1940இல் வெளிவந்தது.

அவர் படம் எடுப்பதோடு நின்றுவிடவில்லை. தாம் சென்ற நாடுகளையும் பழகிய மக்களையும் பற்றி எளிய தமிழில் பயணக் கட்டுரைகள் எழுதினார். 'உலகம் சுற்றும் தமிழன்' அவர் எழுதிய நூல்களுள் ஒன்று. படக்கலையை முறையாகக் கற்ற ஒருவரே எழுதுகோலையும் எடுத்தார் என்றால், படத்திற்குச் சொல்லும் துணைவேண்டும் என்பது விளங்குகின்றதன்றோ?

படத்தைப் படிக்கும் முறை

நாள் குறிக்கப்படாத பழைய படம் ஒன்று கிடைத்தால், அது எக்காலத்தது என்று எவ்வாறு அறிவது? படத்தில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் கூர்ந்து நோக்கவேண்டும்.

பத்துமலையை எடுத்துக்கொள்வோம். 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006 ஜனவரியில் திறப்புவிழாக் கண்டது. மலையடிவாரம் முழுவதும் தெரியும் படத்தில் அச்சிலை இல்லையானால், படம் அதற்கு முந்தியது. 272 படிகளும் பல வண்ணங்களில் ஒளிர்ந்தால், அது 2018க்குப் பிந்தியது. அவ்வாண்டில்தான் படிகளுக்கு அவ்வண்ணங்கள் தீட்டப்பட்டன.

பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் கார்களும் பேருந்துகளும் பெரிய படகில் ஏறியே தீவை அடைந்தன. நம் அம்பாங்கிற்கு எல்.ஆர்.டி. ரயில் வந்தது 1996இல். புக்கிட் அம்பாங் மேட்டிலிருந்து எடுத்த கோலாலம்பூர்ப் படத்தில் 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள் முழுமையாகத் தெரிந்தால், அது 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க இயலாது.

துறைமுகப் படம்

இவ்வாறு காலத்தைக் கணித்துவிடலாம். ஆயினும், படத்தில் நிற்பவர்களின் பெயரை இம்முறையால் அறிய இயலுமா? நம் மாணவி ஒருத்தி வகுப்பிற்குக் கொண்டுவந்த படம் இதற்கு விடை கூறிற்று.

கறுப்பு வெள்ளைப் படம் அது. துறைமுகத்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்றனர். அருகே மூன்று பிள்ளைகள். சிறியவன் கையில் ஒரு ரொட்டி டின். பின்னால் இருந்த பலகையில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் தெரிந்தது. அத்துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆகவே, படம் அதற்கு முந்தியது என்று மாணவர்கள் சரியாகக் கண்டுபிடித்தனர். அதற்குமேல் எவராலும் ஒன்றும் கூற இயலவில்லை. படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது.

அன்று மாலை அம்மாணவி தன் தாத்தாவிடம் கேட்டறிந்தாள். படத்தில் இருந்தவர் தாத்தாவின் அண்ணன். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. 1969க்குப் பின் சீட்டுக் கிடைக்காத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்திற்குத் திரும்பினர். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பெரிய தாத்தாவின் குடும்பமும் 1970இல் ரஜூலா கப்பலில் ஏறியது. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்கும் இடையே 1973 வரை மக்களை ஏற்றிச் சென்றது. நம் முன்னோர் பலர் வந்ததும் அதில்தான்; சிலர் பிரிந்ததும் அதில்தான்.

தோட்டத்துக் கிராணியிடம் இரவல் வாங்கிய கருவியால் படத்தை எடுத்தவர் தாத்தாவே. அதனால் அவர் படத்தில் இல்லை. சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பின்னர் நின்றது. அண்ணனும் தம்பியும் மீண்டும் சந்திக்கவேயில்லை. மூன்று பிள்ளைகளின் பெயரையும் அறிந்தவர் அவ்வீட்டில் தாத்தா ஒருவரே. பேத்தி பென்சிலை நீட்ட, அவர் தம் கையாலேயே அப்பெயர்களைப் படத்தின் பின்புறம் எழுதினார். அவள் கேளாதிருந்தால் அப்பெயர்கள் அவரோடு மறைந்திருக்கும்.

பின்புறக் குறிப்பு

ஒவ்வொரு பயணப் படத்திற்கும் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: எந்த இடம், எந்த நாள், இடமிருந்து வலமாக யார் யார், எதற்காகச் சென்றோம், படத்தை எடுத்தவர் யார். இவற்றோடு படத்தில் தெரியாத செய்தி ஒன்றையும் சேருங்கள். அன்று பெய்த மழை, வழியில் உண்ட கட்டுச்சோறு, அம்மா சொன்ன சொல் ஆகியவை படக்கருவிக்கு அகப்படாதவை.

பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுவதே நன்று. இன்று கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் எடுத்துக் குவிக்கின்றோம். கைப்பேசி பழுதானால் அனைத்தும் போய்விடக்கூடும். ஒரு பயணத்திற்கு ஐந்து படங்களையேனும் தேர்ந்தெடுத்து அச்சிட்டு வையுங்கள். பிறர் உள்ள படத்தை அவர் இசைவின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயங்களில் வாழ்ந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீடு மாறும்பொழுதெல்லாம் சில படங்கள் தொலைகின்றன. எஞ்சியிருக்கும் படங்களைப் பற்றிச் சொல்லவல்ல பெரியோர் நம்மிடையே இருக்கும்பொழுதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமையாகும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பயணப் படத்தைக் கண்டுபிடித்து, அதன் காலத்தைக் கணிக்க உதவும் பொருள்கள் இரண்டைக் குறிப்பிடுக.
2. அப்படத்தைப் பற்றித் தாத்தா அல்லது பாட்டியிடம் கேட்டறிந்து ஐந்து செய்திகளையும் எழுதுக.
3. படத்தில் தெரியாத ஒரு நினைவை வகுப்பில் மூன்று நிமிடம் பேசுக.